இல்லாத அண்ணனுக்குப் படையல்

என் அக்காவை நான் கொன்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பெண் பார்க்கப் போன வீட்டில், கையில் மிக்சர் தட்டோடு. ஒரே ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்லி முடித்த கையோடு காப்பியையும் எடுத்துக் குடித்தேன். சூடாக, நன்றாகவே இருந்தது.

பெண்ணின் அப்பா கருப்புசாமி உள்நோக்கம் எதுவும் இல்லாமல்தான் கேட்டார்.

"தம்பிக்குக் கூடப்பொறந்தவங்க எத்தன பேருங்க?"

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. மலையாள நாட்டு எல்லையோரம் எலப்புள்ளிப் பக்கம் நாலு ஏக்கர் தென்னை, கொஞ்சம் நெல், கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பத்து வருடமாகப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் விவசாயக் குடும்பம் என்றாலே பாதிப் பேர் ஜாதகத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மீதிப் பாதியில் மூன்று இடம் கடைசி வரை வந்து நின்றுபோனது. காரணம் யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. "அந்த ஊட்டுல மூத்தது அப்படி ஆகிப்போச்சாமா" என்று புண்ணியவான் எவனாவது போய் ஓதியிருப்பான்.

அந்த மூத்ததுதான் என் அக்கா. ஆண் பிள்ளை என்று நினைத்து வளர்த்தார்கள். இல்லை என்று அவள் சொன்னபோது அப்பா அடித்தார். அடித்துத் திருத்திவிடலாம் என்று நான்கு வருடம் நம்பினார். பதினெட்டு வயதில் ஒரு பிளாஸ்டிக் கவரில் இரண்டு துணியை எடுத்துக்கொண்டு வாளையார் எல்லையைத் தாண்டிப் போனாள். மதுக்கரையில் காளியாத்தாள் என்ற மூத்த திருநங்கை அவளை மகளாக எடுத்துக்கொண்டார். அவர்களுடைய ஜமாத்தில் அப்படித்தான், மூத்தவர் ஒருவர் தாயாகிறார், வந்தவள் மகளாகிறாள், சபை கூடி அதற்குச் சாட்சி சொல்கிறது. அங்கே அவளுக்குச் சோனா என்று பெயர் வந்தது. சமையல் வேலைக்குப் போகிறாள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். மாதம் ஒருமுறை அம்மாவோடு போனில் அரைமணி நேரம் பேசுவாள், என்னோடு அரை நிமிடம். அப்பா செத்ததைக்கூடப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அவளுக்குச் சொன்னேன். முன்பே சொன்னால் வந்து நிற்பாளே.

ஆக, கருப்புசாமி கேட்டார். நான் சொன்னேன்.

"அண்ணன் ஒருத்தரு இருந்தாருங்க. தவறிட்டாரு. பைக் ஆக்சிடென்டுங்க."

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். பெண்ணின் அம்மா எழுந்து வந்து என் அம்மா ராமாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டார். "பெத்த வயிறு எப்படிப் பதறியிருக்கும்" என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். திரும்பும்போது காரில் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"எப்படிடா சாமி வாய் வந்துச்சு உனக்கு?"

நான் பாட்டைச் சத்தமாக வைத்தேன்.

பெண்ணின் பெயர் யோகப்பிரியா. பிடித்துவிட்டது, அவளுக்கும் என்னைப் பிடித்துவிட்டது. நாள் குறித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கருப்புசாமி போன் செய்தார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கோணும். மூத்தவரு கல்யாணம் ஆகாமத்தான போனாருங்க?"

"ஆமாங்க மாமா."

"அப்பக் கன்னிக்கு வெச்சுக் கும்பிட்டுத்தானுங்க ஆகோணும். மூத்தவரு இருக்கத் தம்பிக்கு முடிக்கறமல்லங்க. அவரு மனசு குளுந்தாத்தான எங்க புள்ள அங்க நல்லா இருக்கும்."

இதை நான் யோசிக்கவே இல்லை. கல்யாணம் ஆகாமல் இறந்தவர்கள் எங்கள் பக்கம் வெறுமனே இறந்தவர்கள் அல்ல, வீட்டுச்சாமி. வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதல் துணி அவர்களுக்கு. படத்துக்கு முன்னால் புதுத்துணி வைத்து, பிடித்ததைச் சமைத்து இலை போட்டு, உத்தரவு வாங்கிக்கொண்டுதான் பந்தக்கால் நடுவார்கள். இரண்டு வீட்டாரும் வந்து கும்பிட வேண்டும். இது தெரியாத ஆள் இல்லை நான். பொய் சொல்லும் அவசரத்தில் மறந்துவிட்டேன்.

உயிரோடு இருக்கிற அக்காவை மறைப்பது சுலபம். இருபது வருடம் மறைத்தேன், பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. செத்துப்போன அண்ணனை மறைக்க முடியாது. அவனுக்குப் படம் வேண்டும், தேதி வேண்டும், வேட்டி சட்டை வேண்டும், பிடித்த பலகாரம் வேண்டும். உயிரோடு இருந்தவளுக்கு இதில் ஒன்றைக்கூட நாங்கள் கொடுத்தது கிடையாது.

கஞ்சிக்கோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜிஜியிடம் போனேன். என்னிடம் இருந்தது அக்காவின் பிளஸ் டூ ஹால் டிக்கெட் போட்டோ ஒன்றுதான். ஜிஜி மலையாளி, எங்களோடு பழகிப் பழகி அரைத் தமிழ் பேசுவார்.

"எப்போழா மரிச்சது? அடியில டேட்டு எழுதணும்."

"ரெண்டாயிரத்து எட்டு. ஜூலை பன்னெண்டு" என்றேன். அது நான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த மாதமும் நாளும். மறக்காமல் இருக்கட்டும் என்று அதைச் சொன்னேன். பொய்க்கும் ஞாபகசக்தி வேண்டுமே.

"அப்போ எத்தற வயசு?"

"இருபத்திமூணு."

ஜிஜி கம்ப்யூட்டரில் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "முகம் கொச்சுப் புள்ள மாதிரி இருக்கு. இருபத்திமூணுன்னா ஆளு நம்பாது. கொறச்சு மீசை வெக்கட்டே?"

"வெய்யுங்க" என்றேன்.

அவர் வைத்தார். மெல்லிசாக ஒரு மீசை. எந்த மீசை வந்துவிடக் கூடாது என்று அக்கா பதினாறு வயதில் கண்ணாடி முன்னால் நின்று கை நிறைய மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு கிடந்தாளோ, அதே இடத்தில். நான் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக வைக்கலாம் என்றும் சொன்னேன்.

படத்தோடு வீட்டுக்கு வருகிற வழியில் மறுபடி கருப்புசாமியின் போன்.

"மாப்ள, படையலன்னைக்கு ரெண்டு பக்கமும் சேந்தா நாப்பது பேரு வருவாங்க. சமையலுக்கு நீங்க அலையாதீங்க. கல்யாணத்துக்குச் சொல்லியிருக்கற ஆளுங்களையே அங்க அனுப்பிடறேன். மதுக்கரை காளியாத்தா குரூப்பு. திருநங்கைங்க. ஆனாக் கைய பாக்கோணுமே நீங்க! பெரிய புள்ள கல்யாணத்துக்கும் அவங்கதான். சோனாக்கான்னு ஒருத்தங்க, ரசம் வெச்சாங்கன்னா டம்ளர்ல வாங்கிக் குடிச்சுட்டே இருக்கலாம்."

வண்டியை ஓரம் கட்டினேன். அவர் பேசிக்கொண்டே போனார். தோட்டத்தில் புதிதாகப் போர்வெல் போட்டபோது சோனாக்காவைத்தான் கூட்டிவந்து தேங்காய் உடைக்கச் சொன்னாராம். முந்நூறு அடியில் தண்ணீர் பொங்கிவிட்டதாம். அவர்கள் வாக்கு அப்படிப் பலிக்குமாம்.

"இப்படிப்பட்டவங்களையும் ஊட்ட விட்டுத் தொரத்தியிருக்கறாங்க பாருங்க மாப்ள. அதச் செஞ்சவங்கெல்லாம் மனுசங்களே இல்லீங்க."

சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். மனிதர் தானாகவே வழி விட்டுக் கொடுத்தார். ஆனால் என் பயம் அதற்குள் வேறு பயமாகிவிட்டிருந்தது. பெண் பார்க்கப் போனபோது, அக்காவைப் பற்றித் தெரிந்தால் பெண் தர மாட்டார்கள் என்று பயந்தேன். இப்போது, என்னைப் பற்றித் தெரிந்தால் பெண் தர மாட்டார் என்று பயந்தேன்.

"சரிங்க மாமா, அவங்களே வரட்டுமுங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே அக்காவைக் கூப்பிட்டேன். நானாகக் கூப்பிடுவது வழக்கமில்லை என்பதால் எடுத்ததும் பதறினாள்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"அம்மா நல்லாத்தான் இருக்குது. எனக்குக் கல்யாணம்."

சந்தோஷத்தில் கத்தினாள். பக்கத்தில் யாரிடமோ "எந்தம்பிக்குக் கல்யாணம்டி" என்று சொல்வது கேட்டது. அவள் எந்தச் சேலை கட்டிக்கொண்டு வருவது என்று யோசிக்க ஆரம்பிக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னேன். பெண் வீடு, மிக்சர் தட்டு, படையல், கருப்புசாமி, காளியாத்தாள் குரூப், எல்லாம். சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் அவள் அடுப்பை அணைப்பது கேட்டது.

"எப்படிச் செத்தேன்?" என்றாள்.

"பைக்குல. வாளையார்கிட்ட லாரி மோதி."

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதேடா" என்று சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே நின்றது. "இப்ப நான் என்ன பண்ணோணும்?"

"நீ வராம வேற யாரையாச்சும் அனுப்பு."

"காளியாத்தாம்மாவுக்கு முட்டி வலி. இந்த மாசம் பூராம் நாந்தான் நின்னு பாக்கறேன். கருப்புசாமியண்ணன் சொன்ன வேலைய மாட்டேன்னா ஏன் எதுக்குன்னு அவரு கெளறுவாரு." பிறகு அவளே முடிவு சொன்னாள். "வர்றேன். சமையக்காரியா வந்துட்டு சமையக்காரியாப் போறேன். அந்த ஊட்டுல எது எங்க இருக்குதுன்னுகூடத் தெரியாத மாதிரி நின்னுக்கறேன். போதுமா உனக்கு?"

"போதும்."

நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன்.

"செத்தவனுக்குப் புடிச்சது வெக்கோணுமே. என்ன புடிக்கும் அவனுக்கு?"

"கச்சாயம்" என்றேன் சட்டென்று.

"கச்சாயம் உனக்குப் புடிக்கும்டா. அவனுக்கு என்ன புடிக்கும்னு அங்க யாரும் கேட்டதில்ல. சரி விடு, வெல்லம் கரைச்சு அதையே சுட்டுப் போடறேன்."

படையலன்று காலை ஏழு மணிக்கு டெம்போ வந்தது. அக்காவும் இன்னும் இரண்டு பேரும் அண்டா, கரண்டிகளோடு இறங்கினார்கள். நேரில் பார்த்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள். கொண்டையை இறுக்கிக் கட்டி, சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். வேலைக்காரியின் நடை, நல்ல வேகம். நேராக என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க, தண்ணி எங்கீங்க புடிக்கறது?"

அவள் பிறந்து வளர்ந்த வீட்டின் கிணற்றடியை நான் கையை நீட்டிக் காட்டினேன். அம்மா உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். வெளியே வரக் கூடாது என்று அவளிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன். பெற்ற தாய்க்கு நான் போட்ட உத்தரவு அது. எங்கள் பக்கம் விஷயம் தெரிந்த சொந்தக்காரர்களில் நெருங்கிய சிலரை மட்டும் அழைத்து, என் கல்யாணம் நின்றுவிடும் என்று கெஞ்சி அவர்கள் வாயையும் கட்டியிருந்தேன்.

பத்தரைக்குப் பெண் வீட்டார் வந்தார்கள். கருப்புசாமி வேனில் இருந்து இறங்கியதும் முதலில் சமையல் பந்தலுக்குத்தான் போனார். "சோனாக்கா, சாப்டீங்களா?" என்று விசாரித்தார். தான் கொண்டுவந்த பழக்கூடையில் இருந்து ஒரு சீப்பை எடுத்து அவர்களுக்குக் கொடுத்தார். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவரும் கடைசியில், "நீங்க பந்தல்லயே இருங்க. உள்ள பொம்பளைங்க பாத்துக்குவாங்க" என்றுதான் சொன்னார். அக்கா "சரிங்கண்ணா" என்றாள். அவளுக்கு அது பழகிப்போன வார்த்தை என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

முன்அறையில் சுவரோரம் மணை போட்டுப் படத்தை வைத்திருந்தோம். மல்லிகை மாலை, மீசை, கீழே அக்காவின் பழைய பெயரும் தேதியும். இலையில் சாதம், பருப்பு, பொரியல், கச்சாயம். ஆட்கள் அறையை நிறைத்து, வாசலிலும் நின்றார்கள். புதுத்துணித் தட்டை அம்மா கொண்டுவர வேண்டும். வேட்டியும் சட்டையும் நான் வாங்கி பீரோவில் வைத்திருந்தேன்.

அம்மா தட்டோடு வந்தாள். தட்டில் வேட்டி இல்லை, சேலை இருந்தது. மாம்பழ நிறம், பச்சைக் கரை, மடிப்புக் கலையாத புதுச் சேலை. எப்போது போய் எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது.

பெண்ணின் அம்மா மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க சம்பந்தி, மூத்தவருக்குச் சேலைங்களா?"

"என்ற கொழந்தைக்கு நாந்தானுங்க எடுக்கோணும். இதுதானுங்க எடுத்தேன்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

கோபமாக ஒன்றும் பார்க்கவில்லை. நீயே சொல்லிவிடு என்று கெஞ்சுகிற பார்வை. நாற்பது பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் யோகப்பிரியா கவலையோடு நின்றாள். பத்து வருடம் தேடிக் கிடைத்தவள்.

"அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுதுங்க. அண்ணன் போனதுல இருந்தே இப்படித்தானுங்க" என்றேன்.

உயிரோடு இருந்தவளைச் செத்தவளாக்கினேன், நல்ல புத்தியோடு இருந்தவளைப் புத்தி கெட்டவளாக்கினேன். அம்மா தட்டைப் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

பெண் வீட்டுப் பக்கம் சலசலப்பு வந்துவிட்டது. "கன்னிக்கு வெக்கற துணி மாறிப்போச்சே, சகுனம் செரியில்லையே, யோசிச்சுக்கலாமா?" என்று ஒரு அத்தைக்காரி வாய்விட்டே சொன்னார். கருப்புசாமியின் முகம் மாறியது. அப்போது வாசற்படிக்கு வெளியே இருந்து ஒரு குரல் கேட்டது.

"தப்பில்லீங்கண்ணா."

ரசச் சட்டியை இறக்கி வைக்க வந்த அக்கா படிக்கு வெளியே நின்றபடி பேசினாள். "நாலு எடத்துக்குச் சமைக்கப் போறவ, பாத்துருக்கறனுங்க. கல்யாணம் ஆகாமப் போனவங்களுக்குச் சில ஊட்டுல ஒரு சேலையும் சேத்து வெப்பாங்க. அவங்களுக்கு வந்திருக்க வேண்டிய பொண்டாட்டிக்குன்னு. அம்மா அத நெனச்சுத்தான் எடுத்துருப்பாங்க. வேட்டியும் பக்கத்துல வெச்சுட்டாச் செரியாப் போச்சுங்க."

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. அந்த நிமிடத்தில், எனக்காக, அவள் உண்டாக்கினாள்.

கருப்புசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, எவ்வளவு பெரிய மனசு! சோனாக்கா சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்றார். நான் ஓடிப்போய் வேட்டி சட்டையைக் கொண்டுவந்து சேலைக்குப் பக்கத்தில் வைத்தேன். கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன், வேறு எதுவும் தோன்றவில்லை.

கும்பிட்டு முடித்ததும் துணியை எடுத்துக் கொடுக்க வேண்டும். வேட்டி தம்பிக்கு, அதாவது எனக்கு. சேலை யாருக்கு என்று கேள்வி வந்தது. "நான் குடுக்கறேன்" என்று அம்மா தட்டைத் தூக்கினாள். கருப்புசாமி குறுக்கே வந்தார்.

"நீங்க இருங்க சம்பந்தி. சோனாக்காவுக்கே குடுத்துருவோம். மாப்ள, உங்க கையால குடுங்க. கால்ல உழுந்து வாக்கு வாங்கிக்குங்க. அவங்க சொன்னா நடக்கும்."

அம்மா தட்டை விடவில்லை. நான்தான் பிடித்து வாங்கினேன். வாங்கினேன் என்றா சொன்னேன்? பிடுங்கினேன். படி தாண்டிப் போய் அக்காவிடம் நீட்டிவிட்டுக் காலில் விழுந்தேன். குதிகால் முழுக்க வெடிப்பு. வலது காலில் பழைய தீக்காயம் ஒன்று பளபளத்தது. ஒரு கை என் தலைமேல் வந்தது.

"நல்லா இருங்க மாப்ள. கொழந்த குட்டியோட நல்லா இருங்க."

'ங்க' போட்டுச் சொன்னாள். நான் எழுந்தேன். அப்போது எனக்கு வந்தது அழுகையோ வெட்கமோ இல்லை. தப்பித்தேன் என்ற நிம்மதிதான் வந்தது. பந்தியில் உட்கார்ந்து, அவள் ஊற்றிய ரசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். வெட்கம் பிறகுதான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

மூன்று மணிக்கு எல்லோரும் போன பிறகு டெம்போவில் அண்டாக்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். நன்றி சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் சேலையைக் கையில் வைத்திருந்தாள்.

"நீ கும்பிட்டியே, அந்தப் பையன், அவன் செத்தது நெசந்தான்" என்றாள். "அவனக் கொன்னது நீயில்ல, நாந்தான். அதுக்கு நான் வருத்தப்படல. மீசை வெச்சயே, அதுக்கும் சிரிச்சுக்கறேன். ஆனா இது, அம்மா இத்தன வருசத்துல எனக்குன்னு எடுத்த மொதச் சேலைடா. அத அம்மா கையில இருந்து புடுங்கி, சமையக்காரிக்குக் குடுக்கற மாதிரி குடுத்தியே."

சேலையை என் கையில் வைத்தாள்.

"அம்மாவே குடுக்கட்டும். அன்னைக்கு வாங்கிக்கறேன். உன்ற கல்யாணத்துக்கு இவளுக ரெண்டு பேரும் வருவாளுக. நான் வரல."

கல்யாணம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு ஆடிட்டோரியத்தில் நன்றாக நடந்தது. சோனாக்கா ஏன் வரவில்லை என்று கருப்புசாமி நாலைந்து முறை கேட்டார். காய்ச்சல் என்று நானே சொன்னேன். பொய் சொல்வது அதற்குள் எனக்குக் கை பழகிய வேலையாகியிருந்தது. மறுவாரம் அம்மா அந்தச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு மதுக்கரைக்கு பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போகிறாள். கோயிலுக்கு என்று மருமகளிடம் சொல்கிறாள். எங்கே என்று நான் கேட்பதில்லை. என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவளும் நினைப்பதில்லை.

யோகப்பிரியா நல்லவள். வந்த முதல் வருடமே ஜூலை பன்னிரண்டாம் தேதி விடியற்காலை குளித்து, படத்தைத் துடைத்து மாலை போட்டு, இலையில் கச்சாயம் வைத்தாள். "மூத்தவரு நம்மளப் பாத்துக்குவாருங்க" என்றாள். அன்று அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மகன் நினைப்பு என்று யோகப்பிரியா அவளுக்குக் கால் பிடித்துவிட்டாள். எத்தனையோ தடவை, அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் என்னை எவ்வளவு நம்புகிறாள் என்பது ஒவ்வொரு முறையும் குறுக்கே வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்களுக்குப் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவள் சொன்னாள்.

"ஏனுங்க, மூத்தவரு பேரையே வெச்சுரலாமுங்க. அவருதான் திரும்ப வந்திருக்கறாரு."

கருப்புசாமி சந்தோஷத்தில் அழுதார். அம்மா மட்டும், "வேண்டாங்கண்ணு, வேற பேரு வெய்யி" என்றாள். பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் துக்கம் வரும் என்று மாமியார் பயப்படுகிறார் போல என்று யோகப்பிரியா நினைத்துக்கொண்டாள். போகப் போகச் சரியாகிவிடும் என்றாள். நான் தடுத்திருக்கலாம். தடுக்க ஒரு காரணம் வேண்டும். என்னிடம் உண்மையைத் தவிர வேறு காரணம் இல்லை. "சரி" என்றேன். குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தை. அத்தை மதுக்கரையில் இருந்ததால் பெரியப்பா மகள் சொன்னாள்.

நேற்றுச் சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"மருமவன் எப்படிடா இருக்கறான்? அம்மா எல்லாஞ் சொல்லுது, பேரக் கேட்டா மட்டும் பேச்ச மாத்துது. என்ன பேரு வெச்சிருக்கறீங்க?"

வாசலுக்கு வந்து நின்றுகொண்டு சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அது சட்டென்று நின்றது.

"அப்பா என்னை அடிக்கறப்ப வேற எதுவும் பேச மாட்டாரு" என்றாள். "ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பேர ஒருக்காச் சொல்லுவாரு. சொல்லிச் சொல்லி அடிச்சா ஆம்பளையாகிருவேன்னு. நீ சின்னப்பையன், உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ."

இருந்தது. நன்றாகவே இருந்தது.

"வெச்சது வெச்சுட்டீங்க. இவன அந்தப் பேரச் சொல்லி அடிச்சுப் போடாதீங்கடா."

உள்ளே யோகப்பிரியா தொட்டிலை ஆட்டிக்கொண்டு குழந்தையைப் பெயர் சொல்லிச் சொல்லிக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். திரும்பத் திரும்ப அதே பெயர். நான் போனைக் கையால் மூடப் பார்த்தேன். அதற்குள் அக்காவுக்குக் கேட்டுவிட்டது.